பத்திரத்தில் யார் பேர்? எனக்குப் பின் சபை என்று யோசிக்கும் போதகர்களுக்கு

போன மாதம் போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். ஊழியம் ஆரம்பித்து நாலு வருஷம். சபைக்கு இடம் பேசி அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, ஜெபித்துக் கொடுங்கள் ஐயா என்று அக்ரிமென்ட்டை நீட்டினார். வாங்குபவர் என்ற இடத்தில் அவர் பேர், அவர் அப்பா பேர். சபை பேர் எங்கேயும் இல்லை. ஜெபம் அப்புறம், முதலில் உட்காருங்கள் என்றேன்.

பண ஆசை கூடாது, பதவி ஆசை கூடாது என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதைப் பிரசங்கம் பண்ணித்தானே பிழைக்கிறோம்.

இடத்தைத் தன் பேரில் வாங்குவது

நான் உதவி ஊழியனாக இருந்த சபை பாலக்கோட்டுப் பக்கம். பெரிய போதகர் உத்தமர், இன்றைக்கும் சொல்வேன். தக்காளி விற்ற காசு, ஒரு அக்கா கழற்றிப் போட்ட தோடு என்று சேர்ந்த காணிக்கையில் 6 சென்ட் வாங்கினார். டிரஸ்ட் பதிய எங்கே நேரம் என்று தன் பேரிலேயே பத்திரம் முடித்தார். ஒரு விடியற்காலை மாரடைப்பில் போய்விட்டார்.

உயில் இல்லை. கிறிஸ்தவர் உயில் எழுதாமல் இறந்தால், 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. சபைக்குக் காலணா கிடையாது. மகள் விட்டுக்கொடுத்தாள். பெங்களூரு மகனுக்குக் கழுத்துமட்டும் கடன்; இடம் கைவிட்டுப் போயிற்று. அவனையும் முழுக்கக் குறை சொல்ல முடியவில்லை. பாயையும் டோலக்கையும் தூக்கிக்கொண்டு ஒரு மாந்தோப்பில் ஆராதனை நடத்தினோம். தோடு கொடுத்த அக்கா அங்கே வரவே இல்லை.

இவ்வளவும் பார்த்த நான் என்ன செய்தேன்? காவேரிப்பட்டணத்தில் முதல் இடம் என் பேரில்தான். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்பு. மாற்றப் போனால், குடும்பத்துக்குள் எழுதிக்கொடுத்தால் உள்ள சலுகை டிரஸ்ட்டுக்கு இல்லை. தானமாகவே கொடுத்தாலும் 7 சதவீதம் முத்திரைத்தீர்வை, பதிவுக்கட்டணம் தனி. அதுவும் அரசு வைக்கும் வழிகாட்டி மதிப்பு ஏறிப்போன பிறகு, அந்த மதிப்புக்கு. ஒரே இடத்துக்கு விசுவாசிகள் இரண்டு தடவை காணிக்கை போட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பை சுற்றி வந்தபோது நான் தலை நிமிரவில்லை.

முதலில் டிரஸ்ட்டையோ சங்கத்தையோ பதியுங்கள், அட்வான்ஸ் பிறகு. ஒரு டிரஸ்டி இறந்தால் அடுத்தவரை யார், எப்படி நியமிப்பது என்று டிரஸ்ட் பத்திரத்திலேயே ஒரு வரி இருக்கட்டும். சங்கமாக இருந்தால் நிர்வாகிகள் மாறும்போதெல்லாம் மாவட்டப் பதிவாளரிடம் படிவம் 7 கொடுக்க வேண்டும். டிரஸ்டிகள் அத்தனை பேரும் குடும்பத்தார் என்றால் பாலக்கோட்டுக் கதைதான், மை மட்டும் வேறு.

மகன்தான் என்று இருந்துவிடுவது

சாமுவேலே தன் பிள்ளைகளை நியாயாதிபதிகளாக வைத்து, ஜனங்கள் வந்து முறையிடும் நிலைக்குப் போனார். அழைப்பு இருந்தால் மகன் வரட்டும். ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிற பையனை அழுது கூப்பிடாதீர்கள்.

அடுத்தவர் பேரைச் சொல்லாமலே இருப்பது

மோசே தனக்குப் பின் வரவேண்டிய யோசுவாவைச் சபை முன்பாக நிறுத்தித்தான் கை வைத்தார். தன் கனத்தில் கொஞ்சம் கொடுத்தார். அந்தக் ‘கொஞ்சம்’தான் நமக்கு வராது. ஒரு மாதம் திருவிருந்தை அவர் நடத்தட்டும், நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள். கத்தோலிக்க ஆயர்கள் 75 வயதானால் ராஜினாமாக் கடிதம் கொடுக்கும்படி அவர்கள் திருச்சபைச் சட்டமே கேட்கிறது. நம் சபைகளில் வயதைக் கேட்டாலே கோபம்.

வங்கிக் கணக்கு

இரண்டு கையெழுத்து. இரண்டாவது பாஸ்டரம்மாவுடையது அல்ல.

“கர்த்தர் பார்த்துக்கொள்வார்”

பார்த்துக்கொள்வார். சார்பதிவாளர் பத்திரத்தைத்தான் பார்ப்பார்.

அந்தத் தம்பி நேற்று போன் பண்ணினார். அக்ரிமென்ட்டை மாற்றிக்கொள்ள இடத்துக்காரர் சம்மதித்துவிட்டாராம், டிரஸ்ட் பத்திரமும் எழுதக் கொடுத்தாயிற்றாம். சந்தோஷம், டிரஸ்டிகள் யார் யார் என்றேன்.

“நானும் வீட்டம்மாவும் மச்சானும்தான் ஐயா.”