கடலுக்குப் போகும் குப்பையை வடிகால் வாயிலேயே பிடிப்பது எப்படி

பல வருடம் கடற்கரையில் குனிந்து குப்பை பொறுக்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஞாயிறு காலை துடைத்து வைத்தாற்போல விட்டுவந்த மணலில், திங்கட்கிழமை மழை ஓய்ந்ததும் அதே அளவு குப்பை கிடந்தது. கரைக்கு வந்து யாரும் போடவில்லை. ஊருக்குள்ளிருந்து வடிகால் கொண்டுவந்து கொட்டியிருந்தது. ஆகவே இந்த வேலையில் இறங்குகிறவர்கள், வடிகால்கள் எங்கெங்கே கடலில் விழுகின்றன என்று முதலில் நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பல ஊர்களில் மழைநீருக்குச் சுத்திகரிப்பே கிடையாது. தெருவில் மிதித்து அணைத்த சிகரெட் துண்டு நேரே கடலுக்குப் போகும். அதன் வடிகட்டி பஞ்சு போலத் தெரியும். ஆனால் செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக் இழை அது.

கோடை முழுக்கச் சேர்ந்ததை முதல் பெருமழை ஒரே மூச்சில் அடித்துக்கொண்டு போய்விடும். தூர்வாருவதை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். வாரிய சகதியை வடிகால் ஓரமாகவே குவித்து வைக்க வேண்டாம், அடுத்த மழையில் திரும்ப உள்ளே போகும். அன்றைக்கே வண்டியில் ஏற்றுங்கள்.

அடுத்தது வலை. ஆஸ்திரேலியாவின் குவினானா நகரத்தில் 2018-இல் வடிகால் குழாய் வாயில் வலைப்பை மாட்டிய படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்க எளிது, கட்டுவதில்தான் நுணுக்கம் இருக்கிறது. நான் முதல்முறை கம்பி போட்டு இறுக்கிவிட்டேன். இலையும் சுள்ளியும் வந்து அடைத்து, தண்ணீர் பின்வாங்கித் தெருவில் முழங்கால் அளவு நின்றது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அதனால் சொல்கிறேன்: வடிகாலுக்குப் பொறுப்பான பொறியாளர் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் எதையும் மாட்டாதீர்கள். பை நீளமாக இருக்கட்டும். அடைப்பு மிஞ்சினால் தானே கழன்றுகொள்ளும் கொக்கி வேண்டும். கழன்ற பை கடலோடு போய்விடாமல் இழுத்துப் பிடிக்க ஒரு கயிறு, அதுவே பையின் வாயைச் சுருக்கும்படி கோத்தது. கடல் ஏறும்போது வாய் மூழ்கும் இடத்தில் கட்டினால் மீனும் நண்டும் மாட்டிக்கொள்ளும். இன்னும் மேலே தள்ளிக் கட்டுங்கள். மழை நின்றதும் பையைக் காலி செய்ய இன்னார் வருவார் என்று பெயர் குறித்து வைத்துவிடுங்கள். ஆள் இல்லாவிட்டால் வலை மாட்டாமலிருப்பதே மேல்.

ஆறு பெரிதாக இருந்தால் வலை தாங்காது. அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் 2014 முதல், நீரோட்டமும் சூரிய மின்சாரமும் சுழற்றும் சக்கரம் ஒன்று மிதவைத் தடுப்பில் சேர்கிற குப்பையை அள்ளுகிறது.

குப்பைத்தொட்டிக்கு மூடி வேண்டும். மூடி இல்லாவிட்டால் காற்றும் காக்கையும் உள்ளிருப்பதை வெளியே இறைத்துவிடும். கூட்டம் கூடும் நாளில் மாலைக்கு முன்பே ஒருமுறை காலி செய்யுங்கள்.

மீன்பிடித் துறையில், வலை பழுது பார்க்கும் இடத்தைக் கவனியுங்கள். அறுத்துப்போட்ட நைலான் துண்டுகள் விரல்நீளம்கூட இருக்காது, மணலோடு மணலாகிவிடும். வாசலில் பெரிய தொட்டி வைப்பதைவிட, வலை பின்னுகிறவர் கையெட்டும் தூரத்தில் ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிடுவது பலன் தருகிறது. படகுக் குப்பையை வாங்கிக்கொள்ளவும் துறையில் இடம் வேண்டும். கடலில் பிளாஸ்டிக் கொட்டுவதை, கப்பல்களால் கடல் மாசுபடாமல் தடுப்பதற்கான சர்வதேச ஒப்பந்தமான மார்போல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு 1988 இறுதியிலிருந்தே தடை செய்கிறது. கரையில் வாங்க ஆளில்லையென்றால் அந்தத் தடை ஏட்டோடு நின்றுவிடும்.

இதற்கெல்லாம் பிறகுதான் கரை. 1986-இல் டெக்சாஸ் கடற்கரையில் தொடங்கிய சர்வதேசத் தூய்மைப்பணியில் எனக்குப் பிடித்தது, பொறுக்கியதை வகைவாரியாக எழுதி வைத்த பழக்கம். ஒரே 100 மீட்டரை எடுத்துக்கொண்டு மாதாமாதம் மூடி, உறிஞ்சுகுழல், கயிறு என்று எண்ணுங்கள். எந்த வடிகாலை அடுத்துக் கவனிப்பது என்று அந்தத் தாள் காட்டிவிடும். ஒதுங்கிய கடற்பாசியை விட்டுவிடுங்கள், அதற்குள் சிற்றுயிர்கள் இருக்கின்றன. சாக்கை நிறுப்பதாக இருந்தால் தண்ணீர் வடியவிட்டு, மணலை உதறிய பிறகு நிறுங்கள்.