பழைய சைக்கிள் ஃப்ரேமுக்கு நட்டு, போல்ட்டு, காட்டர் பின் தேடுவது எப்படி: நாகர்கோவில் பக்கத்துக்காரர்களுக்கு

தாத்தா காலத்து ராலேயோ ஹம்பரோ பிஎஸ்ஏயோ கையில் கிடைத்து, டயர், டியூப் எல்லாம் வாங்கிய பிறகும் ஒரு சீட் போல்ட்டும் இரண்டு காட்டர் பின்னும் (பெடல் கையான கிராங்கை அச்சோடு பிணைக்கும் ஆப்பு) நாலு மட்கார்டு திருகும் இல்லாமல் வண்டி சுவரில் சாய்ந்தே நிற்கிறதா? அப்படியானால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போல்ட்டு இன்று இல்லாவிட்டால் அடுத்த மாதம் கிடைக்கும், ஃப்ரேமில் இருக்கும் மரை போனால் போனதுதான். அதனால் "ஏறக்குறைய சேருது, இறுக்கிடலாம்" என்று யார் சொன்னாலும் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். துருவைச் சுத்தம் செய்து எண்ணெய் விட்ட பிறகும் கையால் மூன்று நாலு சுற்று போகாத போல்ட்டு அந்த ஓட்டைக்கு உரியது இல்லை.

கழற்றும்போது அவசரம் வேண்டாம். குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரத்தில் கிடந்த வண்டி என்றால் உப்புக்காற்றில் நட்டும் போல்ட்டும் ஒன்றாக இறுகியிருக்கும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவிட்டு, நடுவில் லேசாகத் தட்டிக்கொடுத்து, அப்புறம் திருப்புங்கள். உடைந்து வந்தாலும் அந்தத் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். கடையில் நீங்கள் வாயால் சொல்லும் அளவைவிட அந்தத் துண்டுதான் பேசும்.

இனி அளவு. பெரும்பாலானவர்கள் தடிமனை மட்டும் அளந்து ஏமாறுவது இங்கேதான். 5/16 அங்குல போல்ட்டு 7.94 மி.மீ., இன்றைய எம்8 போல்ட்டு 8 மி.மீ., கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பிரிட்டிஷ் சைக்கிள் மரை பெரும்பாலும் அங்குலத்துக்கு 26, எம்8-இல் அங்குலத்துக்கு சுமார் 20, ஹார்டுவேர் கடையில் "இஞ்ச் போல்ட்டு" என்று எடுத்துத் தரும் விட்வொர்த்தில் 18. பள்ளிக்கூட ஸ்கேலை போல்ட்டின் மேல் வைத்து அரை அங்குலத்துக்குள் எத்தனை மரை என்று எண்ணுங்கள். 13 வந்தால் 26 மரை, சைக்கிள் சாமான்தான் வேண்டும், ஹார்டுவேர் கடைக்குப் போய்ப் பயனில்லை. முன் ஆக்சில் 5/16, பின் ஆக்சில் 3/8, இரண்டுக்கும் இதே 26 மரை. பின் சக்கரத்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால் மட்டும் கவனம், அதன் ஆக்சில் 13/32, சாதாரண பின் நட்டு ஏறாது.

ராலே ஃப்ரேமுக்கு இன்னொரு வில்லங்கம் உண்டு. மற்ற பிரிட்டிஷ் கம்பெனிகள் பி.பி. (பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்) கப்புக்கு 24 மரை வைத்தபோது ராலே பல மாடல்களில் தனக்கென்று 26 மரை வைத்துக்கொண்டது, ஹேண்டில் பார் பக்கத்துக் கப்பிலும் அப்படியே. எனவே ராலேயில் பழைய கப்பு ஓரளவு நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொண்டு பால்ரஸ்ஸை மட்டும் மாற்றுங்கள். பி.பி.க்கு 1/4 அங்குலக் குண்டு, எங்கும் கிடைக்கும்.

காட்டர் பின் விஷயத்தில் பலரும் அவசரப்படுகிறார்கள். பிரிட்டிஷ் வண்டிக்கு 9.5 மி.மீ., ஐரோப்பாவின் மற்ற நாட்டு வண்டிகள் பலவற்றுக்கு 9 மி.மீ. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருக்கும் கடை உண்டு, அதனால் பழைய பின்னோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். சரியான பின்னும் அப்படியே போய் உட்காராது. சாய்வான முகத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக, தட்டையாக ராவி, போட்டுப் பார்த்து, மறுபடி ராவ வேண்டும். இரண்டு பின்னுக்கும் சாய்வு ஒரே அளவாக இருக்க வேண்டும், போடும்போது ஒன்று மேலிருந்தும் மற்றது கீழிருந்தும் வர வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பெடலும் நேர்க்கோட்டில் நிற்காது. சுத்தியலால் அடிக்கும்போது கிராங்கின் அடியில் ஒரு இரும்புக் குழாயைத் தரையோடு முட்டுக் கொடுங்கள், அடி பால்ரஸ்ஸில் இறங்காது. நட்டை இழுத்துப் பின்னை உள்ளே கொண்டுவரப் பார்த்தால் பின்னின் மரைதான் அறுந்துபோகும். பின் உட்கார்ந்த பிறகு நட்டை இறுக்கி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி ஒரு தடவை இறுக்குங்கள்.

சரி, எங்கே தேடுவது? பளபளவென்று கியர் சைக்கிள் விற்கும் ஷோரூமை விட்டுவிடுங்கள். ஒரு காலத்தில் வாடகை சைக்கிள் விட்ட கடை, இன்றும் பஞ்சர் ஒட்டும் பெரியவர், கோட்டாறு, வடசேரி, தக்கலை, மார்த்தாண்டம் என்று பழைய கடைத்தெருக்களின் உள்சந்து, இங்கேதான் பழைய சாமான் டப்பா இருக்கும். போனதும் விலை கேட்காதீர்கள். "அண்ணாச்சி, பழைய ரோட்ஸ்டர் சாமான் டப்பா ஏதும் கெடக்கா? நானே தேடி எடுத்துக்கிடுதேன்" என்று கேளுங்கள், கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் கேளுங்கள். ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடை) துருப்பிடித்த பழைய ஹெர்குலிஸோ அட்லஸோ கிடந்தால் ஃப்ரேமோடு வாங்கிவிடுவது என் பழக்கம். 1949-இல் அம்பத்தூரில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸும் அசன்சோல் சென்-ராலேயும் பிரிட்டிஷ் கம்பெனிகளோடு சேர்ந்து வளர்ந்தவை என்பதால் நம்மூர் ரோட்ஸ்டர்களில் பழைய அங்குல அளவுகள் நிறையவே தங்கிவிட்டன. ஒரு ஆக்கர் வண்டியில் ஆக்சில் நட்டு, சீட் போல்ட்டு, பிரேக் கம்பித் திருகு எல்லாம் கிடைத்துவிடும்.

மட்கார்டு, செயின் கார்டு திருகுகள் சிறியவை, அவற்றில் கொஞ்சம் தளர்வு காட்டலாம். மரை இல்லாத வெறும் ஓட்டை என்றால் எம்5 போல்ட்டும் நட்டும் போதும். கடலோரத்துக்காரர்கள் இதற்கு ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள், சின்னமுட்டம், குளச்சல் பக்கம் படகு சாமான் விற்கும் இடங்களில் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். காட்டர் பின்னுக்கும் ஆக்சிலுக்கும் மட்டும் ஸ்டெயின்லெஸ் ஆசை வேண்டாம்.

எங்கும் கிடைக்காத போல்ட்டை லேத்தில் செய்யலாம். கோணம் தொழிற்பேட்டைப் பக்கம் கேட்டுப் பாருங்கள். அங்குலத்துக்கு 26, 60 டிகிரி கோணம் என்று எழுதிக் கொடுங்கள், விட்வொர்த்தின் 55 டிகிரியில் வெட்டிவிடப் போகிறார்கள். மாதிரிக்கு ஒரு பழைய ஆக்சில் நட்டையும் கையில் கொடுத்துவிட்டு வந்தால், வெட்டியதை அவரே போட்டுப் பார்த்துக்கொள்வார். வீட்டுக்கு வந்து மாட்டும் முன் மரை முழுக்க கிரீஸ் தடவுங்கள், அடுத்த மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி தடவுங்கள்.