ஐ.நா. பிரகடனமும் கெய்ரோ பிரகடனமும்: அருகருகே வைத்துப் படிப்பது எப்படி?

மனித உரிமைகளில் மேற்குலகப் பார்வை, இஸ்லாமியப் பார்வை என்று பேச வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். தன் பக்கத்துக் கொள்கையை எடுத்து, எதிர்ப்பக்கத்து நடைமுறையோடு மோத விடுகிறார்கள். ஒருவர் குர்ஆன் வசனத்தைக் காட்டி, ஈராக்கில் அமெரிக்கப் படையினர் கைதிகளை வதைத்த அபு கிரைப் சிறையைப் பற்றிக் கேட்பார், மற்றவர் ஐ.நா. பிரகடனத்தைக் காட்டி சவூதித் தலைநகர் ரியாத்தில் நடப்பதைப் பற்றிக் கேட்பார். விடிய விடியப் பேசினாலும் ஒன்றும் தேறாது. முதலில் வாசகத்தை வாசகத்தோடு ஒப்பிடுங்கள், நடைமுறை அப்புறம்.

தேவைப்படுவது இரண்டு ஆவணங்கள். 1948 டிசம்பர் 10 அன்று பாரீசில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம், 30 பிரிவுகள். 1990 ஆகஸ்ட் 5 அன்று இஸ்லாமிய நாடுகள் அமைப்பின் வெளியுறவு அமைச்சர்கள் ஏற்ற கெய்ரோ பிரகடனம், 25 பிரிவுகள். கையில் இருப்பது எந்த ஆண்டுப் பிரதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1981இல் வேறொரு இஸ்லாமியப் பிரகடனம் வந்தது; அதன் ஆங்கிலப் பிரதியில் வெறுமனே ‘சட்டம்’ என்று வரும் இடமெல்லாம் ஷரீஅத்தை, அதாவது இஸ்லாமியச் சட்ட நெறியை, குறிக்கும் என்பது விளக்கக் குறிப்பில்தான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் மேற்கோள் காட்டினால் அர்த்தமே மாறிவிடும். 2020இல் கெய்ரோ பிரகடனமும் திருத்தி எழுதப்பட்டது. 1990 பிரதியின் பிரிவு எண்களைத் திருத்திய பிரதிக்குப் போடாதீர்கள்.

கெய்ரோ பிரகடனத்தைக் கடைசியிலிருந்து படியுங்கள். எல்லா உரிமைகளும் ஷரீஅத்துக்கு உட்பட்டவை என்கிறது 24ஆம் பிரிவு. விளக்கம் தேவைப்பட்டால் ஷரீஅத் ஒன்றே ஆதாரம் என்கிறது 25. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால்தான் முன்னால் உள்ள 23 பிரிவுகளின் எல்லை தெரியும். ஐ.நா. பிரகடனத்துக்கும் கடிவாளம் உண்டு. 29ஆம் பிரிவு ஒழுக்கம், பொது ஒழுங்கு, ஜனநாயக சமூகத்தின் பொதுநலன் ஆகியவற்றுக்காக உரிமைகளைச் சட்டத்தால் வரையறுக்க இடம் தருகிறது. ஆக, எல்லை இருக்கிறதா என்பதல்ல கேள்வி. அதை வகுப்பது யார் என்பதே.

பிறகு விடுபட்ட சொற்களைத் தேடுங்கள். வேலை இங்கேதான். திருமணத்தை எடுத்துக்கொள்வோம். ஐ.நா. பிரகடனத்தின் 16ஆம் பிரிவு ‘இனம், தேசியம், மதம்’ ஆகிய எந்தத் தடையும் கூடாது என்கிறது. கெய்ரோவின் 5ஆம் பிரிவில் உள்ளவை ‘இனம், நிறம், தேசியம்’. மதம் என்ற சொல் இல்லை. மரபான ஃபிக்ஹில் (இஸ்லாமியச் சட்டவியலில்) முஸ்லிம் ஆண் யூத, கிறிஸ்தவப் பெண்ணை மணக்கலாம். முஸ்லிம் பெண் முஸ்லிமல்லாதவரை மணக்க முடியாது. அந்த ஒரு சொல் விடுபட்டதன் காரணம் இது. துனிசியா இந்தத் தடையை 2017இல் நீக்கியது என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முஸ்லிம் நாடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல.

இதே கண்ணோடு கெய்ரோவின் 6ஆம் பிரிவைப் பாருங்கள். ஆணும் பெண்ணும் சமம் என்று அது சொல்வது மனித கண்ணியத்தில். உரிமைகளும் கடமைகளும் பெண்ணுக்கு உண்டு என்கிறது. ஆணுக்குள்ள அதே உரிமைகள் என்று சொல்லவில்லை. ஆனால் பெண்ணின் பொருளாதாரச் சுதந்திரத்தைத் தெளிவாகச் சொல்கிறது. இதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்: இங்கிலாந்தில் மணமான பெண்ணின் சொத்து முழுமையாக அவளுக்கே என்று சட்டம் வந்தது 1882இல்தான்.

‘ஹக்’ என்ற அரபுச் சொல்லை ‘உரிமை’ என்று அப்படியே பெயர்த்துவிட்டு நகர்வது இன்னொரு பிழை. ஃபிக்ஹில் அல்லாஹ்வின் ஹக், அடியார்களின் (அதாவது மனிதர்களின்) ஹக் என்று பிரிவு உண்டு. கொலைக்குப் பழி தீர்ப்பது பெரும்பாலும் அடியார்களின் ஹக்காகக் கொள்ளப்படுவதால், கொல்லப்பட்டவரின் குடும்பம் மன்னிக்கலாம், திய்யா என்னும் நஷ்டஈடு வாங்கலாம். ஐ.நா. மொழியில் உரிமை என்பது முதலில் அரசை நோக்கிய கோரிக்கை. இது புரியாமல் எழுதினால் இரண்டு தரப்பும் வெவ்வேறு விஷயம் பேசிக்கொண்டிருக்கும்.

ஐ.நா. பிரகடனத்தை ‘மேற்கு’ என்று முத்திரை குத்தும் முன் அந்தச் சொல்லையும் சோதியுங்கள். 1948 வாக்கெடுப்பில் ஆதரவு 48, எதிர்ப்பு இல்லை, நடுநிலை 8. நடுநிலை வகித்தவற்றில் முஸ்லிம் நாடு சவூதி அரேபியா மட்டுமே. சோவியத் அணியினர், யூகோஸ்லாவியா, தென்னாப்பிரிக்கா மற்றவர்கள். மதம் மாறும் சுதந்திரத்தைச் சொல்லும் 18ஆம் பிரிவைச் சவூதி எதிர்க்க, பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் ஜஃபருல்லா கான் ஆதரித்தார். முதல் பிரிவில் ‘எல்லா ஆண்களும்’ என்று பொருள்படும் வாசகம் ‘எல்லா மனிதர்களும்’ என்று மாறக் காரணம் இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா.

நடைமுறைக்கு வரும்போது அரசியல்வாதிகளின் பேச்சை விட்டுவிட்டு ஒப்பந்தங்களில் நாடுகள் போட்ட ‘ரிசர்வேஷன்’களைப் பாருங்கள் (நம் இட ஒதுக்கீடு அல்ல, ‘இந்தப் பிரிவு எங்களைக் கட்டுப்படுத்தாது’ என்ற குறிப்பு). பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் 1979 ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது, இஸ்லாமியச் சட்டத்தோடு முரண்படும் இடங்களுக்குத் தாம் கட்டுப்படவில்லை என்று சவூதி எழுதியது. அதே ஒப்பந்தத்தில் திருமணம், குடும்பம் பற்றிய 16ஆம் பிரிவுக்கு எகிப்து குறிப்பு போட்டது. அமெரிக்கா கையெழுத்திட்டது, ஆனால் உறுதிப்படுத்தவே இல்லை. பட்டியலில் தேதியையும் பாருங்கள்: மொராக்கோ 2011இலும் துனிசியா 2014இலும் தங்கள் முக்கியமான குறிப்புகளைத் திரும்பப் பெற்றன. அதற்கு முந்தைய புத்தகத்தை நம்பி எழுதினால், இல்லாத தடையை இருப்பதாகச் சொல்லிவிடுவீர்கள்.