கான்கிரீட் ரோடு உடைவது மூட்டில்தான்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சிலிம் ரிவர் பக்கம் செம்பனை ஆலைக்குப் போகும் ரோடுகளைப் பற்றிப் பேச்சு எடுத்தால் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "தார் போட்டுப் போட்டு என்ன கண்டோம்? கான்கிரீட் போட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை." நீண்ட நாள் உழைக்கும் என்பது உண்மைதான். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையிலேயே சில பகுதிகள் கான்கிரீட்தான். ஆனால் அந்த ஆயுள் தானாக வராது.

எல்லாரும் முதலில் கேட்பது, "எத்தனை அங்குலம்?" கனம் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. 200 மில்லிமீட்டர் போட வேண்டிய இடத்தில் 180 போட்டால், அதே சக்கரத்துக்குக் கான்கிரீட் பலகை (ரோட்டின் ஒவ்வொரு துண்டும் ஒரு பலகை) தாங்கும் வளைவு அழுத்தம் கிட்டத்தட்ட 20 விழுக்காடு கூடிவிடும். ஆனால் கனத்தோடு கேள்வியை நிறுத்துவதுதான் முதல் தவறு. நல்ல கனமான பலகையும், இரண்டு பலகைகள் சேரும் மூட்டு சரியில்லாவிட்டால் கெட்டுப்போகும்.

கான்கிரீட் இறுகும்போது சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். வெடிப்பைத் தடுக்க முடியாது, எங்கே வெடிக்க வேண்டும் என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம். அதற்குத்தான் சுமார் 4.5 மீட்டருக்கு ஒருமுறை, கனத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு ஆழம்வரை அறுப்பது; அந்த வெட்டுதான் மூட்டு. மூட்டைக் குறைத்தால் செலவு மிச்சம் என்று 7, 8 மீட்டருக்கு இழுத்தால் பலகை நடுவில் பிளக்கும். காலையில் ஊற்றிவிட்டு, "நாளைக்கு அறுக்கலாம்" என்று போவதும் அப்படித்தான். நம் வெயிலில் பெரும்பாலும் அன்றைக்கே அறுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கான்கிரீட் தன் இஷ்டத்துக்கு வெடித்திருக்கும்.

மூட்டுக்குக் குறுக்கே, பலகையின் நடு ஆழத்தில் வைக்கும் கம்பி வழவழப்பான உருண்டைக் கம்பியாக இருக்க வேண்டும். கனரக வண்டி ஓடும் சாலையில் 32 மில்லிமீட்டர் கம்பியை 300 மில்லிமீட்டர் இடைவெளியில் வைப்பது வழக்கம். ஒரு பலகையின் சுமையை அடுத்த பலகைக்குக் கடத்துவதும், பலகை நீளவும் சுருங்கவும் வழிவிடுவதும் அதன் வேலை. கையில் இருக்கிறதே என்று வரிக் கம்பியை (மேலே வரிவரியாக மேடுள்ள கம்பி) போட்டாலோ, கோணலாக வைத்தாலோ மூட்டு இறுகிவிடும். வரிக் கம்பிக்கு இடம் ரோட்டின் நீளவாட்டு மூட்டு. இந்த இரண்டும் மாறாமல் இருக்கிறதா என்று ஊற்றுவதற்கு முன்பே பாருங்கள், ஊற்றிய பிறகு குத்தகையாளர் சொல்வதுதான் கணக்கு.

அப்புறம் தண்ணீர். வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நாட்டில் தோட்டத்துச் செம்மண்ணின் மேலேயே நேராகப் பலகை ஊற்றுவதைப் போன்ற தவறு வேறில்லை. மூட்டு வழியாக இறங்கிய தண்ணீர் பலகைக்கு அடியில் தங்குகிறது. குலை ஏற்றிய லோரி மூட்டைத் தாண்டும்போது எதிர்ப் பலகை சட்டென்று அமுங்கி, அடியிலுள்ள தண்ணீரைப் பின்னால் பீய்ச்சும். அதோடு நுண்மண்ணும் போகும். லோரி தாண்டி வந்த பின் பலகை மெல்ல உயரும், எதிரிலுள்ள முன் பலகைக்கு அடியில் குழி விழும். ஓட்டும்போது மூட்டுக்கு மூட்டு 'டக் டக்' என்று கேட்டால் இந்த வேலை தொடங்கிவிட்டது. அடுத்து மூலை உடையும். ஆகவே அரிக்காத அடித்தளம் வேண்டும், பக்கத்துக் கால்வாய் பலகையின் அடிமட்டத்துக்குக் கீழே ஓட வேண்டும், மூட்டு அடைப்பைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கடைசி வேலைக்கு யாரும் பணம் ஒதுக்குவதில்லை என்பது வேறு கதை.

பாரத்தைச் சட்டப்படியான எடையை வைத்துக் கணக்குப் போடுவதும் தவறு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனை, அச்சுப் பாரம் கூடினால் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்காகக் கூடும் என்று காட்டியது. 20 விழுக்காடு அதிகம் ஏற்றினாலே சேதம் இரண்டு மடங்கு. ஆலையின் எடை மேடையில் உண்மையான எடைகள் பதிவாகியிருக்கும். வடிவமைப்பவர் அதைக் கேட்டு வாங்கினால் போதும்.

ஊற்றிய கான்கிரீட்டைப் பதப்படுத்துவதைப் பற்றி நீட்ட வேண்டாம்: ஈரம் போகாமல் மூடுங்கள், "காயட்டும்" என்று விடாதீர்கள்.

பழுதான பலகைகளின் மேல் தாரை ஊற்றி மறைப்பது இன்னொன்று. அடியில் பலகை ஆடிக்கொண்டிருந்தால் மூட்டின் கோடு அப்படியே தாரிலும் எழும்பி வரும். முதலில் குழிக்குள் சிமெண்டுக் கூழைச் செலுத்தி ஆட்டத்தை நிறுத்த வேண்டும், உடைந்த பலகையை முழு ஆழத்துக்கு வெட்டி எடுத்துப் புதுக் கம்பியோடு ஊற்ற வேண்டும். மேல்பூச்சு வேண்டுமா என்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.