வக்கீலும் டாக்டரும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால்: வீடற்றவர்களுக்கு உதவுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெருவில் படுப்பவருக்குக் காலில் ஆறாத புண். மருத்துவர் கட்டுப் போட்டு, காலை உயர்த்தி வைத்து ஓய்வெடுங்கள் என்கிறார். எங்கே போய் ஓய்வெடுப்பார்? வாடகை வீட்டிலிருந்து நோட்டீஸ்கூட இல்லாமல் அவரை வெளியே தள்ளியிருக்கிறார்கள், வழக்குப் போட்டால் ஜெயிக்க வாய்ப்பு உண்டு, ஆனால் அந்த அறையில் யாரும் அதைக் கேட்கவே இல்லை. 1993இல் அமெரிக்காவின் பாஸ்டனில் குழந்தை மருத்துவர் பாரி சக்கர்மேன் தன் மருத்துவமனைக் குழுவில் ஒரு வழக்கறிஞரைச் சேர்த்ததும் இதே மாதிரிக் காரணத்தால்தான். பூஞ்சணம் பிடித்த வீட்டுக்கே குழந்தை திரும்பிப் போனால் எந்த மருந்தும் ஆஸ்துமாவை அடக்காது. இந்த முறை அப்புறம் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து வரை பரவியது.

சேர்ந்து வேலை செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு ஒரு சீட்டில் போன் நம்பரை எழுதிக் கொடுத்து அனுப்புவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. போன் திருடுபோயிருக்கும், சார்ஜ் இருக்காது, சீட்டு மழையில் நனைந்திருக்கும். கூடவே நடந்து போய், "இவர்தான் நான் சொன்ன வக்கீல்" என்று அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள், ஐந்து நிமிட வேலை. நடந்த கதையை அவரிடம் முதலிலிருந்து மறுபடி கேட்காதீர்கள், அடி வாங்கியதையும் இழந்ததையும் ஒவ்வொரு மேசையிலும் சொல்ல வைப்பது கொடுமை.

அதற்காக எல்லாத் தகவலையும் எல்லாரும் பார்க்கும் ஒரே கோப்பில் கொட்டிவிடவும் கூடாது. இதில்தான் பெரிய ஆபத்து. வக்கீலிடம் சொன்னதற்குச் சட்டம் தரும் பாதுகாப்பு வேறு, மருத்துவரிடம் சொன்னதற்கு வேறு. பல நாடுகளில் குழந்தைக்கு ஆபத்து போன்ற சில விஷயங்களை மருத்துவரும் சமூகப் பணியாளரும் அதிகாரிகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும், வக்கீலுக்கு விதி வேறாக இருக்கலாம். வக்கீலுடன் பேசும்போது நர்ஸும் அறையில் இருந்தால் அந்தப் பேச்சின் பாதுகாப்பே கேள்விக்குள்ளாகலாம். எது யாரிடம் போகும் என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். முதல் நாளே ஒரு மொத்தப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைப்பது சம்மதம் ஆகாது, ஒவ்வொரு தகவலுக்கும் தனியாகக் கேளுங்கள்.

சின்ன அபராதம்தானே என்று ஒதுக்குவது இன்னொரு தவறு. பொது இடத்தில் தூங்கியது, டிக்கெட் இல்லாமல் ஏறியது என்று சேர்ந்து, வாய்தாவுக்குப் போகாமல், ஒருநாள் பிடிவாரண்டாகிவிடும். பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டார், புண் முற்றும். அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 1989இல் தொடங்கிய வீடற்றோர் நீதிமன்றத்தில், சிகிச்சையிலோ பயிற்சியிலோ பங்கெடுப்பதையே அபராதத்துக்கு ஈடாக ஏற்றார்கள். சிகிச்சைக்கு வருகிறார் என்று ஒரு மருத்துவர் எழுதித் தரும் கடிதத்துக்கு அவ்வளவு வலு இருக்கிறது.

ஆனால் அந்தக் கடிதத்தை "சிகிச்சையில் உள்ளார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நோயின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நீதிபதி என்ன முடிவெடுப்பார்? இன்சுலினைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும், மாத்திரையால் காலையில் எழ முடியாது, நூறு அடிக்கு மேல் நடக்க முடியாது என்று அன்றாட வாழ்க்கையில் என்ன தடைபடுகிறது என்பதை எழுதுங்கள். எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று வக்கீலும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

குடியை நிறுத்தினால்தான் உதவி என்று நிபந்தனை போடாதீர்கள், வழக்கு அதுவரை காத்திருக்காது. இரண்டு முறை வரவில்லை என்று கோப்பை மூடுவதும் அப்படித்தான், வராதவர் ஒருவேளை வார்டில் படுத்திருக்கலாம். மூடுவதற்கு முன் அவர் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அடையாள அட்டை, மருந்துச் சீட்டு, நீதிமன்ற உத்தரவு எல்லாவற்றுக்கும் ஒரு நகலை அவர் சம்மதத்தோடு உங்களிடம் வையுங்கள், அடுத்த முறை அவர் மூட்டையை யாராவது அள்ளிக்கொண்டு போனால் அது ஒன்றுதான் மிஞ்சும்.