'இறங்கு' என்று எழுதும்போது வழுக்கும் இடங்கள்

"ஆழ்ந்த இறங்கல்" என்று அச்சான அஞ்சலிச் சுவரொட்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இறங்கல் என்றால் கீழே வருதல். அங்கே வேண்டியது இரங்கல், அதாவது வருந்துதல். கடற்கரை நிலமான நெய்தல் திணைக்கு உரிய உணர்வாக, அதாவது உரிப்பொருளாக, இலக்கணம் சொல்வதும் இதைத்தான். பேச்சில் ரகரமும் றகரமும் நம்மில் பலருக்கு ஒன்றாகிவிட்டதால் காதை நம்பிப் பயனில்லை.

சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் 'ஏறு' என்று போட்டுப் பார்ப்பேன். படியில் ஏறினார், விலை ஏறியது: பொருந்துகிறது, ஆகவே 'இறங்கு'. ஏழைக்கு ஏறினார்? சிரிப்புதான் வருகிறது, அது 'இரங்கினார்'. பெயர்ச்சொல்லுக்கும் இதே கணக்கு: சாலையில் இருப்பது இறக்கம், மனத்தில் இருப்பது இரக்கம். 'வேலையில் இறங்கினார்', 'களத்தில் இறங்கினார்' போன்றவற்றுக்கு இந்தச் சோதனை உதவாது. அவற்றைப் பழக்கத்தில்தான் பிடிக்க வேண்டும்.

இதைவிட மோசமான பிழை ஒன்று உண்டு. "லாரியிலிருந்து மூட்டைகளை இறக்கிறார்கள்" என்று எழுதினால் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள்! 'இற' என்ற வினைக்கு இறக்கிறார், இறந்தார். 'இறங்கு' என்பதன் பிறவினையான 'இறக்கு'வுக்கு இறக்குகிறார், இறக்கினார். நடுவில் ஒரு 'கு' விடுபட்டால் ஆளே போய்விடுகிறார். 'இறக்கும்' போன்ற சில வடிவங்கள் மட்டும் இரண்டுக்கும் பொது. அதனால் "சரக்கு இறக்கும் இடம்" என்பதில் 'சரக்கு' என்ற சொல்லைத் தூக்கிவிட்டால் பலகையைப் படிப்பவர் பயந்துவிடுவார்.

இனிப் பொருள். இறங்குவதெல்லாம் கெடுவதல்ல. காய்ச்சல் இறங்கினால் நல்லது. பேச்சுவார்த்தையில் ஒருவர் இறங்கி வந்தார் என்றால் பிடிவாதத்தை விட்டார் என்று பொருள், தாழ்ந்துபோனார் என்றல்ல. ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று 'இறங்கியது' இருந்த இடத்திலெல்லாம் 'சரிந்தது', 'வீழ்ந்தது' என்று மாற்றுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. சிறிய விலைக் குறைவுக்குக்கூட 'வீழ்ச்சி' என்று தலைப்பு வைத்தால், உண்மையிலேயே விழும் நாளில் என்ன எழுதுவார்கள்?

எது இறங்கியது என்பதையும் பாருங்கள். பணவீக்கம் 6 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக இறங்கியது என்ற செய்தியை விலை இறங்கியதாகப் பலர் படிக்கிறார்கள். ஏறும் வேகம்தான் இறங்கியிருக்கிறது. 100-க்கு விற்ற பொருள் ஓராண்டில் 106 ஆகாமல் 104 ஆகும், அவ்வளவுதான்.