நெல்லிக்கனியும் மூன்று கியூபிட்டும்: குவாண்டம் பின்னலில் சறுக்கும் இடங்கள்

தருமபுரிப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை நெல்லிக்கனியில்தான் ஆரம்பிப்பேன். தகடூர் அதியமான் கனியை ஔவையிடம் கொடுத்தான், அவனுக்கு மிச்சமில்லை. என்டாங்கிள்மென்ட் என்கிற குவாண்டம் பின்னலும், அதாவது துகள்களைத் தனித்தனியாக விவரிக்க முடியாதபடி பிணைக்கும் உறவும், அப்படித்தான். அ, ஆ என்ற இரு கியூபிட்டுகள் (0, 1 இரண்டும் கலந்த நிலையிலும் இருக்கக்கூடிய குவாண்டம் பிட்டுகள்) முழுமையாகப் பின்னியிருந்தால், மூன்றாவதான இ-க்கு அவற்றோடு துளியும் பின்னல் கிடையாது.

இதைச் சாதாரணமாக ஒத்துப்போவதோடு குழப்புவதுதான் முதல் தவறு. பாலக்கோடு மண்டியின் தக்காளி விலையைப் பத்து பேர் போனுக்கு அனுப்பினாலும் யாருக்கும் குறையாது. பின்னலை அப்படி நகலெடுத்துக் கொடுக்க முடியாது.

ஆனால் நெல்லிக்கனியே இன்னொரு தவறுக்கு வழிவிடும் (என் உவமை, பழியும் எனக்கே). ‘ஒருவருக்கே முழுசு, மற்றவருக்குப் பூஜ்யம்’ என்று பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். முழுப் பின்னலுக்குத்தான் அது சரி. குறைவான பின்னலைப் பங்கு போடலாம். கணக்கு மட்டும் மீறக் கூடாது: அ-வுக்கு ஆ-வோடும் இ-யோடும் தனித்தனியாக உள்ள பின்னல்களின் கூட்டு, அந்த இரண்டும் சேர்ந்த தொகுதியோடு அ-வுக்கு உள்ள பின்னலைத் தாண்டக் கூடாது. காஃப்மன், குண்டு, வூட்டர்ஸ் மூவரும் 2000-இல் மூன்று கியூபிட்டுகளுக்கு அந்தக் கணக்கைக் கொடுத்தார்கள். எத்தனை கியூபிட்டுக்கும் அது பொருந்தும் என்று ஆஸ்போர்னும் வெர்ஸ்ட்ரேட்டும் 2006-இல் நிறுவினார்கள்.

அதிகம் பேர் சறுக்குவது இந்தக் கணக்கில்தான். 100, 010, 001 மூன்றும் (இலக்கங்கள் முறையே அ, ஆ, இ) சம அளவில் கலந்த டபிள்யூ நிலையை எடுங்கள். பின்னலை 0 முதல் 1 வரை அளக்கும் எண்ணான கன்கரன்ஸ், இதில் எந்த ஜோடிக்கும் 2/3. ஒரு பையன் 2/3-ஐயும் 2/3-ஐயும் கூட்டி, 1.33 என்று கண்டு, “சார், விதி உடைஞ்சுபோச்சு” என்று நோட்டோடு ஓடி வந்தான். கூட்ட வேண்டியது வர்க்கங்களை: 4/9 + 4/9 = 8/9. அ-வுக்கும் மற்ற இரண்டும் சேர்ந்த தொகுதிக்கும் உள்ள கன்கரன்ஸின் வர்க்கமும் அதே 8/9. விதி உடையவில்லை, விளிம்பில் நிற்கிறது.

அடுத்தது ஜிஎச்இசட் நிலை: 000-உம் 111-உம் கலந்தது. ‘மூன்றும் பின்னியிருந்தால் இரண்டிரண்டும் பின்னியிருக்காதா?’ இருக்காது. இ-யை ஒதுக்கிவிட்டால், அ-வும் ஆ-வும் 0/1 அளவீட்டில் எப்போதும் ஒத்துப்போகும். அதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறோம். எக்ஸ் அச்சில் (0/1-க்குப் பதிலாக வேறொரு திசையில்) அளந்து பாருங்கள், பாதி தடவைதான் ஒத்துப்போகும், காசு சுண்டியதுபோல. ஜோடியின் கன்கரன்ஸ் பூஜ்யம்.

கடைசியாக ஒன்று: 0, 1, 2 என்று மூன்று மட்டங்கள் உள்ள துகள்களுக்கு இதே கன்கரன்ஸ் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். அங்கே அது மீறப்படும் நிலைகள் உண்டு.